ஒரு விழுக்காட்டு ஒளியில் தெரியும் வட்டு: வேகமாகச் சுழலும் விண்மீன்களும் தளவிளைவும்

டிசம்பர் மாத முன்னிரவில் பெங்களூரின் எந்த மொட்டைமாடியில் நின்றாலும், நகர வெளிச்சத்தை மீறி, அசுர வேகத்தில் சுழலும் சில விண்மீன்களை வெறும் கண்ணால் பார்த்துவிடலாம். வடக்கே டபிள்யூ வடிவக் காசியோப்பியாவின் நடுப்புள்ளி காமா காசியோப்பியா. உச்சியை ஒட்டிக் கார்த்திகைக் கூட்டம். அதில் மிகப் பிரகாசமானது அல்சியோனி. ரிஷபத்தின் தெற்குக் கொம்பு நுனியில் சீட்டா டாரி. தெற்கே அடிவானத்திலிருந்து சுமார் 20 பாகை உயரத்தில் அக்கெர்னர். நான்குமே 'பி' வகை விண்மீன்கள்: சூரியனைவிட வெப்பமானவை, நீல வெள்ளையானவை. நான்குமே தம் நடுக்கோட்டைச் சுற்றி வாயு வட்டு ஒன்றை வளர்த்துக் கலைக்கும் பழக்கம் உள்ளவை. இவற்றை வானியலாளர்கள் பி-இ விண்மீன்கள் என்பார்கள். கடைசியில் வரும் 'இ' என்ற எழுத்து, நிறமாலையில் ஹைட்ரஜனின் உமிழ்வுக் கோடு (ஒரு குறிப்பிட்ட நிறத்தில் மட்டும் கூடுதல் பிரகாசம்) தெரிகிறது என்பதற்கான குறி. அந்தக் கோட்டை முதலில் கண்டவர் இத்தாலியரான ஏஞ்சலோ செக்கி. 1866இல், இதே காமா காசியோப்பியாவில்.

சாதாரணத் தொலைநோக்கியில் இந்த வட்டைப் பார்க்க முடியாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் விண்மீன் புள்ளியாகவே நிற்கும். ஆனாலும் வட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இந்த மாதம் வளர்கிறதா தேய்கிறதா என்பதை அந்தப் புள்ளியின் ஒளியிலிருந்தே சொல்லிவிடலாம். அதற்கான வழிதான் தளவிளைவு அளவீடு. ஒளி அலைகள் எல்லாத் திசைகளிலும் சமமாக அதிராமல் ஒரு திசையில் கூடுதலாக அதிர்வதே தளவிளைவு (போலரைசேஷன்).

வட்டு எங்கிருந்து வருகிறது

சூரியனின் நடுக்கோடு நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒரு பி-இ விண்மீனில் அந்த வேகம் பெரும்பாலும் 300 கிலோமீட்டரைத் தாண்டும். நொடிக்கு 400 முதல் 500 கிலோமீட்டரை எட்டினால் நடுக்கோட்டில் ஈர்ப்பும் சுழற்சியும் சமமாகி, பொருள் தானாகவே பிரிந்துபோகும். இந்த எல்லைக்கு 'மாறுநிலை வேகம்' என்று பெயர். வேகச் சுழற்சியால் நடுக்கோட்டுப் பொருள் வெளியேறுகிறது என்ற கருத்தை வானியலாளர் ஓட்டோ ஸ்ட்ரூவே 1931இலேயே சொன்னார்.

அந்தக் கருத்து பாதி சரி. பெரும்பாலான பி-இ விண்மீன்கள் மாறுநிலை வேகத்துக்கு அருகில்தான் சுழல்கின்றன, அதைத் தொடுவதில்லை. ஆகவே மீதி உந்துதல் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். விண்மீனின் மேற்பரப்பில் ஓடும் துடிப்பு அலைகள் அந்த உந்துதலைத் தருகின்றன என்பதற்குப் பல விண்மீன்களில் நல்ல சான்று இருக்கிறது. வீசப்பட்ட வாயுவில் பெரும்பகுதி மறுபடியும் விண்மீனிலேயே விழுந்துவிடும். மிச்சப் பகுதி, வாயுவின் பிசுக்குமையால் (உள் உராய்வால்) சுழல் உந்தத்தைப் பெற்று மெல்ல வெளியே நகர்ந்து, சூரியனைச் சுற்றும் கோள்களைப் போலக் கெப்ளர் விதிப்படி சுற்றும் மெல்லிய வட்டாகிறது. 1991இல் லீ, ஒசாக்கி, சயோ ஆகியோர் முன்வைத்த இந்த மாதிரிதான் இன்றும் அடிப்படை.

இதிலிருந்து வரும் ஒரு விளைவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். விண்மீன் பொருள் வீசுவதை நிறுத்தினால் வட்டு உள்ளிருந்து வெளியே கலையும். விண்மீனை ஒட்டிய பகுதி முதலில் காலியாகும், வெளிப்பகுதி பிறகுதான் மங்கும்.

ஒளி ஏன் தளவிளைவு அடைகிறது

விண்மீனிலிருந்து நேராக வரும் ஒளியில் அலைகள் எல்லாத் திசைகளிலும் அதிர்கின்றன. எந்தத் திசைக்கும் முன்னுரிமை இல்லை. வட்டில் உள்ள ஹைட்ரஜன், விண்மீனின் புறஊதா ஒளியால் அயனியாகிவிட்டது. ஆகவே அங்கே கட்டற்ற எலக்ட்ரான்கள் ஏராளம். விண்மீன் ஒளி ஓர் எலக்ட்ரானில் பட்டு நம் பக்கம் திரும்பும்போது, விண்மீன், எலக்ட்ரான், நாம் என்ற மூன்றும் அமைந்த தளத்துக்குச் செங்குத்தான அதிர்வு மட்டும் வலுவாக மிஞ்சுகிறது. 90 பாகை திரும்பும் ஒளியில் இந்த விளைவு முழுமையாக இருக்கும்.

இதை நம் வானத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். காற்று மூலக்கூறுகளின் சிதறலுக்கும் இதே கோண விதிதான். பழைய எல்சிடி திரையிலிருந்து உரித்த போலராய்டு படலம் ஒரு துண்டு போதும். பெங்களூரின் எஸ்.பி. ரோடு வட்டாரத்தில் எல்சிடி பழுதுபார்க்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். முதலில் படலத்தின் அச்சை, அதாவது அது உள்ளே விடும் அதிர்வின் திசையை, கண்டுபிடியுங்கள்: பளபளப்பான தரையில் சாய்வாகப் படும் வெளிச்சத்தின் கூசலைப் படலம் வழியாகப் பார்த்துக்கொண்டே சுழற்றினால், கூசல் மிகக் குறையும் நிலையில் படலத்தின் அச்சு செங்குத்தாக நிற்கிறது. அதைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காலை ஏழு மணிக்கு லால்பாக் பாறை மேல் நின்று, சூரியனைப் பார்க்காமல், நேர் உச்சியைப் படலம் வழியாகப் பாருங்கள். சூரியன் கிழக்கே தாழ்வாக இருக்கிறது. உச்சி அதிலிருந்து ஏறத்தாழ 90 பாகை. அச்சு வடக்குத் தெற்காக இருக்கும்போது வானம் வெளிச்சமாகவும், கிழக்கு மேற்காக இருக்கும்போது இருண்டும் தெரியும். ஒளி வரும் திசை கிழக்கு மேற்கு, அதிர்வு அதற்குச் செங்குத்து.

இதே கணக்கை விண்மீனுக்குப் போடுங்கள். வட்டின் விளிம்பு நம்மை நோக்கியிருந்தால், விண்மீனின் இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள எலக்ட்ரான்கள்தான் 90 பாகைச் சிதறலைத் தருகின்றன. அவை வட்டின் நீளவாட்டில் இருப்பதால், மிஞ்சும் அதிர்வு வட்டுக்குச் செங்குத்தாக இருக்கும். வட்டு ஒரு தோசைக்கல்லைப் போல: நேர் மேலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும், அப்போது எல்லாத் திசை அதிர்வுகளும் ஒன்றையொன்று ரத்துசெய்து தளவிளைவு பூஜ்யமாகிவிடும், பக்கவாட்டில் பார்த்தால் கோடாகத் தெரியும், அப்போது தளவிளைவு வலுக்கும். மெல்லிய வட்டுக்கு இந்த உயர்வு சாய்வுக் கோணத்தின் (நேர் மேலிருந்து பார்த்தால் 0, பக்கவாட்டில் 90 பாகை) சைன் மதிப்பின் வர்க்கத்தைப் பின்பற்றும். அடர்ந்த வட்டில் ஒளி பலமுறை சிதறுவதாலும் வட்டே ஒளியை மறைப்பதாலும் உச்சம் 90 பாகைக்குச் சற்று முன்பே வந்துவிடுகிறது.

சிதறி வரும் ஒளி மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. நேரடி ஒளி அதை மூழ்கடிக்கிறது. அதனால் பி-இ விண்மீன்களின் சொந்தத் தளவிளைவு ஒரு விழுக்காட்டை ஒட்டியே நிற்கும்; இரண்டைத் தொடுவதே அரிது. வட்டுக்குச் செங்குத்தாக அது இருக்கும் என்ற கணிப்பு வெறும் ஊகமாக நிற்கவில்லை. 1997இல் வெளியான ஆய்வு ஒன்றில், பல தொலைநோக்கிகளை இணைக்கும் குறுக்கீட்டுமானியால் சில பி-இ விண்மீன்களின் வட்டுகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றின் நீளவாட்டுத் திசையைத் தளவிளைவுக் கோணத்தோடு ஒப்பிட்டார்கள். செங்குத்தாகவே இருந்தது.

அளப்பது எப்படி

தொலைநோக்கியின் குவியத்துக்கு முன்னால் ஓர் அரை அலைத் தகடு; அதன் பின்னால் ஒளியை ஒன்றுக்கொன்று செங்குத்தான அதிர்வுள்ள இரண்டு கற்றைகளாகப் பிரிக்கும் வோலாஸ்டன் பட்டகம்; கடைசியில் கேமரா. ஒரே விண்மீன் படத்தில் இரண்டு புள்ளிகளாக விழும். தகட்டை 0, 22.5, 45, 67.5 பாகைகளில் நிறுத்தி நான்கு படங்கள் எடுக்க வேண்டும். தகடு திரும்பும் கோணத்தைப் போல இரு மடங்கு அதிர்வுத் திசை திரும்பும் என்பதால், இது 0, 45, 90, 135 பாகைகளில் அளப்பதற்குச் சமம். 0, 45 நிலைகளில் இரண்டு புள்ளிகளும் இடம் மாறிக்கொள்கின்றன. அந்த இரண்டு அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு கற்றை மற்றதைவிடக் கொஞ்சம் மங்கலாக இருப்பது போன்ற கருவிக் குறைகள் கழிந்துவிடுகின்றன.

கற்றையைப் பிரிக்காமல் ஒரே ஒரு வடிகட்டியைச் சுழற்றி அளப்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். இரண்டு படங்களுக்கு நடுவே வானம் அரை விழுக்காடு மங்கினாலும், அது தளவிளைவு போலவே காட்சி தரும். இரட்டைக் கற்றையில் இரண்டு புள்ளிகளும் ஒரே நேரத்தில் மங்குவதால் விகிதம் மாறாது.

கணக்கு எளிது. ஒளித்துகள் எண்ணிக்கை 0 பாகையில் 1,00,60,000, 90 பாகையில் 99,40,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்தால் 0.6 விழுக்காடு. இதை 'க்யூ' என்போம். 45 பாகையில் 1,00,40,000, 135 பாகையில் 99,60,000. இதிலிருந்து கிடைப்பது 0.4 விழுக்காடு, இது 'யூ'. இவை ஸ்டோக்ஸ் அளவுருக்கள். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் தளவிளைவு 0.72 விழுக்காடு. யூவை க்யூவால் வகுத்துக் கிடைக்கும் டேன்ஜென்ட் கோணத்தில் பாதி, அதாவது 16.8 பாகை, அதன் திசை.

எண்ணிக்கை ஏன் கோடியில் வேண்டும்? ஒளித்துகள் எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் இரைச்சல். மொத்தம் 2 லட்சம் துகள்கள் மட்டும் சேர்ந்திருந்தால் பிழை 0.22 விழுக்காடு, 0.4 விழுக்காட்டைத் தேடும் இடத்தில் அது தாங்காது. 2 கோடி சேர்ந்தால் பிழை 0.022 ஆகக் குறையும். பிரகாசமான விண்மீனில் இவ்வளவையும் ஒரே படத்தில் சேர்க்கப் போனால் கேமரா தெவிட்டிவிடும். குவியத்தைச் சற்றுக் கலைத்து, பல குறும்படங்களாக எடுத்துக் கூட்டுவதே நடைமுறை.

இன்னொரு பொறியும் உண்டு. க்யூவும் யூவும் நேராகவோ எதிராகவோ இருக்கலாம். தளவிளைவு விழுக்காடு மட்டும் எப்போதும் நேர் எண்தான். ஆகவே உண்மையில் தளவிளைவே இல்லாத விண்மீனிலும் இரைச்சல் ஏதோ ஒரு சிறு விழுக்காட்டைக் காட்டும். அளந்த மதிப்பின் வர்க்கத்திலிருந்து பிழையின் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுப்பது வழக்கமான திருத்தம். விழுக்காட்டை விட்டுவிட்டு க்யூ, யூ எண்களிலேயே வேலை செய்வது அதைவிட நல்லது.

விண்வெளித் தூசியின் கலப்படம்

1946இல் வான் இயற்பியலாளர் சந்திரசேகர் ஒரு கணிப்பைத் தந்தார். எலக்ட்ரான் சிதறல் மேலோங்கிய வளிமண்டலமுள்ள விண்மீனின் விளிம்பில் ஒளி 11.7 விழுக்காடு வரை தளவிளைவு அடைந்திருக்கும் என்பது அது. ஒரு விண்மீன் இன்னொன்றை மறைக்கும் கிரகண இரட்டைகளில் இந்த விளிம்பு ஒளி தனியாகத் தெரியும் என்று வானியலாளர்கள் ஹில்ட்னரும் ஹாலும் தேடப் போனார்கள். தளவிளைவு கிடைத்தது. ஆனால் அது கிரகணத்தோடு மாறவில்லை. இடைப்பட்ட விண்வெளியில், காந்தப் புலத்தால் ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும் தூசித் துகள்களிலிருந்து வந்தது. 1949இல் அறிவிக்கப்பட்ட அந்தக் கண்டுபிடிப்பு வானியலுக்கு ஒரு கொடை. வட்டை அளப்பவருக்கு அதுவே பெரிய தடை.

நம் எடுத்துக்காட்டில் தூசியின் பங்கு க்யூவில் 0.2, யூவில் 0.5 விழுக்காடு என்று வைத்துக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது க்யூ 0.4, யூ கழித்தல் 0.1. தளவிளைவு 0.41 விழுக்காடாகக் குறைகிறது. திசை 16.8 பாகையிலிருந்து 173 பாகைக்குத் தாவுகிறது. வட்டு அதற்குச் செங்குத்து என்பதால் அதன் நீளவாட்டுத் திசை 83 பாகை. கழிக்காமல் விட்டிருந்தால் வட்டை 107 பாகையில் வரைந்திருப்போம். 24 பாகைப் பிழை. கழிக்கும்போது விழுக்காட்டிலிருந்து விழுக்காட்டைக் கழிக்கவே கூடாது. க்யூவிலிருந்து க்யூ, யூவிலிருந்து யூ.

தூசியின் பங்கைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அதே திசையில் ஏறத்தாழ அதே தொலைவில் உள்ள சாதாரண விண்மீன்களை அளப்பது. கையா விண்கலம் தந்த தொலைவுகள் இதை இப்போது சுலபமாக்கியிருக்கின்றன. இரண்டாவது, ஹைட்ரஜன் உமிழ்வுக் கோட்டைப் பயன்படுத்துவது. அந்தக் கோட்டின் ஒளி வட்டின் வெளிப்பகுதியிலிருந்து பிறப்பதால் எலக்ட்ரான்களில் குறைவாகவே சிதறுகிறது, 656.3 நானோமீட்டரில் விண்மீனின் சொந்தத் தளவிளைவு சட்டென்று விழும், தூசியின் பங்கோ மாறாது. மூன்றாவது வழிதான் மிக நம்பகமானது: வட்டு முழுவதும் கலையும் வரை காத்திருந்து, அப்போது மிஞ்சுவதை அளப்பது. கும்ப ராசியில் உள்ள பை அக்வாரியின் வட்டு 1980களின் இறுதியிலிருந்து தேய்ந்து, 1996 வாக்கில் ஏறக்குறைய மறைந்தபோது இந்த வாய்ப்பு கிடைத்தது. பல ஆண்டு பொறுமைக்குக் கிடைத்த கூலி அது.

நிறத்தாலும் இரண்டையும் பிரிக்கலாம். தூசியின் தளவிளைவு 550 நானோமீட்டர் அருகே மென்மையாக உயர்ந்து இருபுறமும் தாழும். வட்டின் தளவிளைவோ ரம்பப் பல் போல இருக்கும். எலக்ட்ரான் சிதறல் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலத்தான் சிதறடிக்கிறது; ஆனால் 364.6 நானோமீட்டருக்குக் கீழே வட்டின் ஹைட்ரஜன் ஒளியை வலுவாக விழுங்குவதால் அங்கே தளவிளைவு செங்குத்தாகச் சரிகிறது. இதற்குப் பாமர் தாவல் என்று பெயர்.

மாற்றங்களைப் படிப்பது

ஒரே ஓர் இரவின் அளவீடு அதிகம் சொல்லாது. மாதக்கணக்கில் சேர்த்த க்யூ, யூ மதிப்புகளை ஒரு வரைபடத்தாளில் புள்ளிகளாக வையுங்கள். வட்டின் கதை அங்கேதான் விரிகிறது.

வட்டு அதே தளத்தில் வளர்ந்து தேய்ந்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகரும். அந்தக் கோட்டின் சாய்வுக் கோணத்தில் பாதியே தளவிளைவின் திசை. தூசியின் பங்கு கோட்டை மொத்தமாக இடம்பெயர்க்குமே தவிரச் சாய்வை மாற்றாது. ஆகவே தூசியைக் கழிக்கத் தெரியாதபோதும் வட்டின் திசை கிடைத்துவிடும். தளவிளைவு முறையில் இதைவிட நேர்த்தியான பகுதி எதுவும் இல்லை என்பது எங்கள் கருத்து.

புள்ளிகள் ஒரே இரவில், அல்லது ஓரிரு நாளில் சிறு வளையம் போட்டால், புதிதாக வீசப்பட்ட வாயுத் திரள் விண்மீனை ஒட்டிச் சுற்றுகிறது என்று பொருள். அங்கே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாளே ஆகும். திரள் சுற்றிலும் பரவி வட்டில் கலந்ததும் வளையம் அடங்கும்.

கோணமே ஆண்டுக்கணக்கில் மெல்லத் திரும்பினால் வட்டின் தளமே சாய்ந்து அசைகிறது. கார்த்திகைக் கூட்டத்தில் உள்ள பிளையோனி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1974க்கும் 2003க்கும் இடையே அதன் சொந்தத் தளவிளைவுக் கோணம் சுமார் 60 பாகையிலிருந்து 130 பாகை வரை நகர்ந்தது. 218 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் துணை விண்மீனின் ஈர்ப்பு வட்டைப் பம்பர அசைவுக்கு உள்ளாக்குகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம்.

அடுத்தது நேர வரிசை. தளவிளைவு விண்மீனின் சில ஆரங்களுக்கு உட்பட்ட பகுதியில் பிறக்கிறது. சிவப்பு ஹைட்ரஜன் கோடு அதைவிடப் பல மடங்கு அகன்ற பகுதியில். வட்டு உருவாகும்போது தளவிளைவு முதலில் உயரும், கோடு பின்னால் வலுக்கும். கலையும்போதும் உள்பகுதி முதலில் காலியாவதால் தளவிளைவு முதலில் விழும். கோடு இன்னும் சில காலம் பிரகாசமாகவே இருக்கும். கோடு வலுவாக இருப்பதை மட்டும் வைத்து விண்மீன் இன்னும் பொருள் வீசிக்கொண்டிருக்கிறது என்று முடிவுகட்டுவது தவறாகப் போவது இதனால்தான்.

வட்டே இல்லாமலும் வேகச் சுழற்சி தளவிளைவைத் தரும். மக நட்சத்திரமான ரெகுலஸ் 16 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. அதனால் நடுக்கோடு பிதுங்கி, துருவங்கள் நடுக்கோட்டைவிட வெப்பமாகவும் பிரகாசமாகவும் இருக்கின்றன. உருண்டையான விண்மீனில் ரத்தாகிவிடும் சந்திரசேகரின் விளிம்பு விளைவு இங்கே முழுவதும் ரத்தாவதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து எடுத்த அளவீடுகளில் இது உறுதியானது. முடிவு 2017இல் வெளியானது. அளவு மில்லியனில் சில பத்துகள் மட்டுமே, வட்டின் தளவிளைவில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. இதை அளக்கத் தனிக் கருவி வேண்டும்.

பெங்களூரிலிருந்து என்ன செய்யலாம்

தொழில்முறை அளவீட்டுக்கு நகர வானம் உதவாது. கோரமங்கலாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் சில ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் இருக்கின்றன. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும், அதற்கு முன்பே 1972இல் நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கியும் அங்கேதான்.

கையில் சிறு தொலைநோக்கி உள்ளவர் தளவிளைவில் தொடங்க வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. முதலில் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 100 கோடு உள்ள ஸ்டார் அனலைசர் கிரேட்டிங்கை கேமராவுக்கு முன்னால் திருகி, காமா காசியோப்பியாவின் நிறமாலையை எடுங்கள். சிவப்பில் ஹைட்ரஜன் கோடு சிறு மேடாகத் தெரியும். மேடு வராவிட்டால் பெரும்பாலும் குவியம் சிவப்புக்குச் சரியாக அமையவில்லை, அல்லது கேமராவின் உள் வடிகட்டி 656 நானோமீட்டரை வெட்டுகிறது. இன்னும் கூர்மையான நிறமாலைமானி வாங்கியவர்களின் பதிவுகளை, பி-இ விண்மீன் நிறமாலைகளுக்காகப் பாரிஸ் வானாய்வகம் நடத்தும் பெஸ் தரவுத்தளம் ஏற்றுக்கொள்கிறது. 2000ஆம் ஆண்டில் அனுஷ நட்சத்திரக் கூட்டத்தின் டெல்டா ஸ்கார்ப்பி வட்டு வளர்த்துப் பிரகாசமானதை முதலில் கவனித்தவர், கண்ணால் ஒளியளவை மதிப்பிட்டுவந்த அர்ஜென்டினாவின் பயில்முறை வானியலாளர் செபாஸ்டியன் ஒட்டேரோ. கவனிப்புக்குப் பெரிய கருவி கட்டாயமில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் இரட்டைக் கற்றைக் கருவி கட்டுவோருக்குச் சில குறிப்புகள். ஒவ்வோர் இரவும் தளவிளைவற்ற ஒப்பீட்டு விண்மீன் ஒன்றையும், தளவிளைவு தெரிந்த ஹெச்.டி. 204827 போன்ற ஒன்றையும் அளந்தே ஆக வேண்டும். முன்னது கருவி சேர்க்கும் போலித் தளவிளைவைக் காட்டும், பின்னது கோணத்தின் சுழியைச் சரிசெய்யும். தொலைநோக்கியில் 45 பாகைக் கண்ணாடி எதுவும் இடையில் இருக்கக் கூடாது. அதன் பிரதிபலிப்பே அளக்க வேண்டியதைவிடப் பெரிய தளவிளைவை உண்டாக்கிவிடும். நிலா இருக்கும் இரவில், நிலாவிலிருந்து 90 பாகை தள்ளியுள்ள வானம்தான் மிகத் தளவிளைவடைந்தது. அங்கே மங்கலான விண்மீனை வைத்தால் வானத்தின் தளவிளைவைத்தான் அளப்பீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலுள்ள வானத்தைத் தனித்தனியே கழியுங்கள். அந்திவானமும் இதே சிக்கலைத் தரும்.

பருவமழையையும் கணக்கில் கொள்ளுங்கள். டெல்டா ஸ்கார்ப்பி மே, ஜூனில் உயரே வரும்போது நமக்கு மேகம் கூடிவிடும். இடைவெளியின்றி ஒரு விண்மீனைத் தொடர விரும்பினால் சீட்டா டாரியைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை தெளிந்த வானில் ஏறத்தாழ உச்சியில் இருக்கும். அதன் வட்டு பக்கவாட்டில் தெரிவதால் தளவிளைவும் ஒரு விழுக்காட்டை ஒட்டி வலுவாகவே இருக்கிறது.